பள்ளிக்கூட வாசலில் ஒரு கறுப்புப் பலகை: பாரிஸ், ஜூலை 1942

பனையோலை:

வணக்கம். பாரிஸ் பத்தாம் வட்டாரத்தில் இருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது. அவளுடைய பள்ளிக்கூட வாசலில், அழைப்பு மணிக்குச் சற்று மேலே, கறுப்புப் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள். தங்க நிற எழுத்து. மூன்று வருஷமாகக் காலையும் மாலையும் அதன் கீழேதான் நிற்கிறேன். மழைக்கு ஒதுங்கியும் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் வாசித்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். 1942க்கும் 1944க்கும் இடையில் பிரான்ஸிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நாடுகடத்தப்பட்டு அவுஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமில் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பிடித்தது அந்தக் காலத்து விஷி என்ற பிரெஞ்சு அரசின் பொலிஸ். காரணம், அவர்கள் யூதராகப் பிறந்தது. "பிறந்ததுக்கு எப்படியம்மா பிடிப்பினம்?" என்று கேட்டாள். நேரமாகிவிட்டது, வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். அது இன்னும் மனதை அரிக்கிறது.

அன்று இரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1942 ஜூலை 16, 17 ஆகிய இரண்டே நாளில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,152 யூதர்களைப் பிடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாதவர்களைப் பாரிஸுக்குப் பக்கத்தில் இருந்த த்ரான்சி முகாமுக்கு அனுப்பினார்கள். குடும்பங்களை, மொத்தம் 8,160 பேரை, 15ஆம் வட்டாரத்தில் இருந்த மிதிவண்டிப் பந்தய அரங்கில் அடைத்தார்கள். வெலோத்ரோம் தீவேர் என்று பெயர், சுருக்கமாக வெல் தீவ். அந்த 8,160 பேரில் 4,115 பேர் பிள்ளைகள். பாதிக்கு மேலே!

வெயில் காலம். விமானத் தாக்குதலுக்குப் பயந்து அரங்கின் கண்ணாடிக் கூரைக்கு நீல வர்ணம் பூசியிருந்தார்கள், உள்ளே வெக்கை தாங்காது. கழிப்பறைகளின் ஜன்னல் தெருப்பக்கம் திறக்கும் என்பதால் பலவற்றைப் பூட்டிவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. இப்படி ஐந்து நாள் வரைக்கும்.

இங்கே வரலாறு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? அதைவிட, எனக்கே முதலில் விளங்கவேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

வைகைக்கரை:

அக்கா, ஒரு சந்தேகம். பிரெஞ்சு போலீஸ் என்றா எழுதியிருக்கிறது? நான் பள்ளியில் படித்தவரை ஹிட்லர், வதைமுகாம், அறுபது லட்சம் பேர் என்று இரண்டு பத்தி. எல்லாம் ஜெர்மன் ராணுவம் செய்தது என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. ஊரைப் பிடித்து வைத்திருந்தது அவர்கள்தானே?

---

பழைய ஏடு:

தம்பி வைகைக்கரை, பலருக்கும் அப்படித்தான் பதிந்திருக்கிறது. புதுச்சேரியில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான், நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. வடக்கும் மேற்குக் கடற்கரையும் ஜெர்மானியர் கையில். தெற்கில் விஷி என்ற ஊரில் மார்ஷல் பெத்தேன் தலைமையில் ஒரு பிரெஞ்சு அரசு. அந்த அரசு 1940 அக்டோபர் 3ஆம் தேதியே யூதர்களை அரசு வேலையிலிருந்தும் ஆசிரியர் தொழிலிலிருந்தும் விலக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெர்லின் கேட்டுக் கொண்டுவந்த சட்டம் இல்லை அது, இவர்களாகவே எழுதியது.

அதே மாதம் ஜெர்மன் ஆணைப்படி யூதர்கள் எல்லாரும் போலீஸில் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவிப்பு. பாரிஸ் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 பேர் போய்ப் பதிந்தார்கள். ஏன் போனார்கள் என்று இன்று கேட்பது எளிது. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மக்கள். போலந்தில் அடி உதைக்குத் தப்பி, மனித உரிமையின் நாடு என்று நம்பி வந்தவர்கள் பாதிப்பேர். தையல்காரர்கள், தோல் வேலை செய்பவர்கள், வீட்டிலேயே இயந்திரம் போட்டுப் பிழைத்தவர்கள். மறைப்பதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள்.

பதிந்ததை வைத்து பாரிஸ் போலீஸ் தலைமையகம் அட்டைகள் தயாரித்தது. துலார் என்ற அதிகாரி செய்த ஏற்பாடு. பெயர் வரிசையில் ஒரு அடுக்கு, தெரு வரிசையில் ஒன்று, நாட்டு வரிசையில் ஒன்று, தொழில் வரிசையில் ஒன்று. எந்தத் தெருவில் எத்தனையாம் எண் வீட்டில் யார் என்று இழுப்பறையைத் திறந்தால் தெரியும். 1942 ஜூன் 7 முதல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் ரேஷன் துணிக் கூப்பனில் ஒரு புள்ளியைக் கழித்தார்கள்.

ஜூலையில் அந்த இழுப்பறைகளிலிருந்து வெளிநாட்டவர், நாடற்றவர் அட்டைகளாக 27,000க்கும் மேல் எடுத்துக் காவலர் கையில் கொடுத்தார்கள். இரண்டு இரண்டு பேராகக் காவலர்கள் அதிகாலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள். ஏற்றிச் செல்ல நகரப் பேருந்துகள், அன்றாடம் மக்கள் வேலைக்குப் போகிற அதே பச்சை வெள்ளைப் பேருந்துகள். போலீஸ் துறையின் பொதுச்செயலர் ரெனே பூஸ்கே இதை ஜெர்மானியரோடு உட்கார்ந்து பேசி முடித்தவர். ஜெர்மானியர் முதலில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் கேட்டார்கள். பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று முன்வந்தவர் பிரதமர் பியேர் லாவல். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிரான்ஸிலேயே பிறந்தவர்கள்.

காவலர்களுக்குக் கொடுத்த சுற்றறிக்கை இன்றும் இருக்கிறது. தேவையற்ற பேச்சும் எந்த விளக்கமும் இல்லாமல், முடிந்தவரை விரைவாகச் செய்யவேண்டும். காஸ், மின்சாரம், தண்ணீர் எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வளர்ப்புப் பிராணிகளையும் சாவியையும் கட்டடக் காவலாளியிடம் ஒப்படைக்கவேண்டும். பிள்ளைகளை மட்டும் அக்கம்பக்கத்தாரிடம் விடக்கூடாது.

இந்த வரியைத்தான் கடைசி சில வருஷங்கள் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பூனையைக் காவலாளியிடம் விடலாம், பிள்ளையைப் பக்கத்து வீட்டில்கூட விடக்கூடாது. வகுப்பு அப்படியே உறைந்துபோகும்.

---

பனையோலை:

ஐயா, மிக்க நன்றி. காஸை மூடச் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். இந்தக் கட்டடம் 1900க்கு முன் கட்டியது. படிக்கட்டின் மரம் நடுவில் தேய்ந்திருக்கும். இந்தப் படியில் யார் யார் அன்று இறங்கினார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த அரங்குக்குப் பிறகு அந்தக் குடும்பங்களை எங்கே கொண்டுபோனார்கள்?

---

பழைய ஏடு:

பாரிஸுக்குத் தெற்கே, லுவாரே மாவட்டத்தில் பித்திவியே, போன்-லா-ரோலாந்த் என்று இரண்டு முகாம். சரக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். ஜூலைக் கடைசியிலிருந்து பெற்றோரை மட்டும் பிரித்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளைகளை அனுப்பும் ஏற்பாடு அப்போது இன்னும் முடியவில்லை. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கத் தடியால் அடித்தார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள். இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வைக்கோலில் தனியாகக் கிடந்தன. ஆகஸ்ட் நடுவில் அவர்களைத் த்ரான்சிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதக் கடைசிக்குள் முன்பின் தெரியாத பெரியவர்களோடு சேர்த்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகள் ஒருவரும் திரும்பவில்லை.

த்ரான்சியில் கைதியாக இருந்த ஜோர்ஜ் வெல்லெர்ஸ் உயிரோடு திரும்பி, 1961இல் ஜெருசலேமில், யூதர்களை நாடுகடத்தும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் சாட்சி சொன்னார். தன் பெயரே தெரியாத பிள்ளைகள் அங்கே இருந்தன. கேட்டால் முதல் பெயரைச் சொல்லும், அதற்கு மேல் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ரயில் பட்டியலில் பெயருக்குப் பதில் கேள்விக்குறி போட்டார்கள்.

---

வயர்மேன்:

நான் எலக்ட்ரீஷியன். த்ரான்சிக்குப் பக்கத்தில் போபினியில் பதினாறு வருஷம். வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த முகாம் ஒரு முகாமாகக் கட்டப்பட்டதில்லை. சித்தே த லா முயெத் என்ற தொடர்மாடிக் குடியிருப்பு. 1930களில் ஏழைகளுக்கு வீடு என்று கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டது. ப வடிவில் மூன்று பக்கமும் நான்கு மாடி, நடுவில் முற்றம். வேலி போட்டால் சிறை, அவ்வளவு வசதி. பிரான்ஸிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 76,000 யூதர்களில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் இந்த முற்றத்தைத் தாண்டித்தான் போனார்கள்.

இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். குறைந்த வாடகை வீடு. நான் அங்கே இரண்டு தரம் வேலைக்குப் போனேன், ஒரு தரம் மீட்டர்ப் பெட்டி மாற்ற. மூன்றாம் மாடி. வீட்டுக்காரம்மா தேநீர் தந்தார். ஜன்னலால் பார்த்தால் கீழே புல்லும் சறுக்குப் பலகையும், அந்தப் பக்கம் நினைவுச் சின்னமாக ஒரு சரக்கு ரயில் பெட்டி. ரயில் போகாத இடத்தில் ஏன் பெட்டி என்று கேட்டேன். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நான் இங்கே வந்து ஆறு வருஷம்.

2009இல் ஜன்னல் மாற்றும்போது சுவர்ப் பூச்சைப் பெயர்த்த இடத்தில் கைதிகள் பென்சிலால் எழுதியதும் கீறியதும் வெளியே வந்தது. பெயர், வந்த தேதி, புறப்படும் தேதி. அவற்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாததால் அந்த இடத்துக்குப் பிள்ளைகள் பிச்சிப்பொய் என்று பெயர் வைத்திருந்தார்களாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழிப் பிள்ளைப் பாட்டில் வரும் ஊர், உண்மையில் இல்லாத ஊர்.

சுவரில் துளை போடும் தொழில் எனக்கு. பழைய கட்டடம் என்றால் இப்போது பூச்சை மெதுவாகத்தான் எடுக்கிறேன்.

---

மழைநாள்:

எல்லாவற்றையும் வாசித்தேன். மனது கனக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுக்க வேண்டாம். பிரான்ஸில் இருந்த யூதர்களில் நான்கில் மூன்று பங்கு உயிர் பிழைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். நெதர்லாந்தில் நேர்மாறு, நான்கில் மூன்று பங்கு அழிந்தார்கள். அப்படியென்றால் பிரெஞ்சு மக்கள் நிறையப் பேரைக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் மேல் இந்தப் பழியைப் பலகை பலகையாக ஒட்டுவது சரியா? எண்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

---

பழைய ஏடு:

நல்ல கேள்வி. காப்பாற்றியவர்கள் இருந்தார்கள், அதை மறைத்தால் அதுவும் பொய்யாகும். 27,000 அட்டைக்குப் பாதிப்பேர் கூடச் சிக்கவில்லையே, ஏன்? தகவல் கசிந்தது. ஜெர்மானியரை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கிய யூதர்களின் குழுக்கள் இத்திஷில் துண்டறிக்கை விட்டன. முந்தின இரவே வந்து காதில் போட்டுவிட்டுப் போன காவலர்களும் உண்டு. நான்சி நகரில் வெளிநாட்டவர் பிரிவைச் சேர்ந்த ஏழு போலீஸ்காரர்கள், எதுவார் வின்யெரோன் தலைமையில், ஜூலை 19 சுற்றிவளைப்புக்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார்கள். 385 பேர் பட்டியலில் பெரும்பகுதி தப்பியது. வெல் தீவில் தீயணைப்புப் படைக் கேப்டன் பியெரே, காவலுக்கு நின்ற அதிகாரி தடுத்தும் கேளாமல், குழாய்களைத் திறந்து தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கம்பி வழியே நீட்டிய கடிதங்களை அவருடைய ஆட்கள் சட்டைக்குள் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவர்களுக்கு விடுப்புக் கொடுத்து, ஊரின் வெவ்வேறு தபால் பெட்டிகளில் போடச் சொல்லி அனுப்பினார்.

ஆனால் மழைநாள், இவர்களை நினைக்கும்போதுதான் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஏழு போலீஸ்காரர்கள் நான்சியில் முடியும் என்று காட்டினார்கள். பாரிஸில் ஆயிரக்கணக்கான காவலர்கள் அட்டையை வாங்கிக்கொண்டு படியேறினார்கள்.

பழி ஒட்டுவதாகச் சொன்னீர்கள். ஐம்பது வருஷம் நடந்தது அதற்கு நேரெதிர். 1956இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆவணப்படத்தில் பித்திவியே முகாம் புகைப்படம் ஒன்று வரும். முன்னால் ஒரு பிரெஞ்சுக் காவலரின் முதுகும் தொப்பியும். தணிக்கைக் குழு அந்தத் தொப்பியை மறைக்கச் சொன்னது, மறைத்தார்கள். போலீஸ் அட்டைகளில் பெரும்பகுதியை 1940களின் கடைசியில் அழித்தார்கள். அரங்கையே 1959இல் இடித்தார்கள். பூஸ்கே வங்கியில் பெரிய பதவியில் இருந்தார். 1991இல்தான் மானுடத்துக்கு எதிரான குற்றம் அவர்மேல் சாட்டப்பட்டது, வழக்கு வருமுன் 1993இல் ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டான்.

குடியரசுத் தலைவராக இருந்த மித்தெரான் கடைசி வரை சொன்னது, விஷி என்பது பிரான்ஸ் இல்லை, குடியரசு மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை என்பது. 1995 ஜூலை 16, அந்த அரங்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, அவருக்கு அடுத்து வந்த குடியரசுத் தலைவர் ஜாக் ஷிராக் பேசினார்: ஆக்கிரமித்தவர்களின் குற்ற வெறிக்குப் பிரெஞ்சுக்காரர்களும் பிரெஞ்சு அரசும் துணைபோனார்கள், அன்று பிரான்ஸ் ஈடுசெய்ய முடியாததைச் செய்தது என்றார். ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து. அதைக் கேட்கக் காத்திருந்து இறந்துபோனவர்கள் எத்தனை பேர்!

ஒரே ஒரு தகவல் சேர்க்கிறேன். அந்த இரண்டு நாளுக்குச் சாட்சியாக இருக்கும் புகைப்படம் என்று இன்றுவரை அறியப்பட்டது ஒன்றே ஒன்று. அரங்கின் வெளியே வரிசையாக நிற்கும் பேருந்துகள். மனிதர் முகம் ஒன்றுகூடத் தெளிவாகத் தெரியாது. உள்ளே எடுத்தது என்று பல வருஷம் எல்லாரும் அச்சிட்ட படம் உண்மையில் 1944இல், ஜெர்மானியருக்குத் துணைபோனதாகப் பிடிபட்டவர்களை அங்கே அடைத்தபோது எடுத்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் செர்ஜ் க்லார்ஸ்ஃபெல்ட்.

---

கிணற்றடி:

பெயர் வரிசை, தெரு வரிசை அட்டை என்று வாசித்ததும் எனக்குக் கொழும்பு 1983 ஜூலைதான் ஞாபகம் வந்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீடு தமிழர் வீடு என்று பார்த்து வந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் நடுவில் இருந்த சிங்கள வீட்டைத் தொடாமல் இரண்டு பக்கமும் எரித்தார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு இறுகும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

---

பனையோலை:

கிணற்றடி அண்ணா, விளங்குகிறது. என் அம்மாவும் அப்படித்தான், வீட்டுக்கு வந்து பெயர் எழுதிக்கொள்ளும் எவரையும் நம்பமாட்டார். 83ஐப் பற்றி நீங்கள் தனி இழை தொடங்குங்கள், நான் கட்டாயம் வருவேன். அதை இதற்குள் ஒரு பத்தியாக அடக்க எனக்கு மனமில்லை. இதையும் அதற்குள் அடக்கக்கூடாது.

க்லார்ஸ்ஃபெல்டைப் பற்றி வாசித்தேன். 1943இல் நீஸ் நகரில் அவருக்கு எட்டு வயது, என் மகளின் வயது. அலமாரியின் பின்னால் அப்பா பொய்ச்சுவர் அடித்து வைத்திருந்தார். கெஸ்தாபோ என்ற ஜெர்மன் ரகசியப் பொலிஸ் கதவைத் தட்டியபோது தாயும் தமக்கையாரும் அவரும் அதற்குள் ஒளிந்திருக்க, அப்பா தானே போய்க் கதவைத் திறந்தார். அவுஷ்விட்ஸிலிருந்து அவர் திரும்பவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து வழக்கறிஞராகி, 1978இல் ரயில் ரயிலாகப் பட்டியலைத் தேடி எடுத்து, பிரான்ஸிலிருந்து கொண்டுபோன எல்லாருடைய பெயரையும் புத்தகமாக அச்சிட்டார். அழிப்பதற்காகத் தட்டச்சு செய்த பட்டியலையே எடுத்து நினைவுக் கல்லாக ஆக்கியிருக்கிறார். ஐயா சொன்ன அந்தக் கேள்விக்குறிப் பிள்ளைகளில் முடிந்தவரைக்கும் பெயர் கண்டுபிடிக்கவும் பாடுபட்டிருக்கிறார்.

மழைநாள், பள்ளிக்கூடப் பலகைகளை அரசாங்கம் தானாகக் கொண்டுவந்து ஒட்டவில்லை. 1990களின் கடைசியில் பழைய மாணவர்களும் அந்தந்தப் பகுதி ஆட்களும் பள்ளிக்கூடங்களின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, க்லார்ஸ்ஃபெல்டின் பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டார்கள். 1942 ஜூலையில் பள்ளி முடிந்து, அக்டோபரில் திறந்தபோது வராத பிள்ளைகள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள்தான் கிழவர்களாகித் தேடினார்கள். பழி சுமத்த அல்ல, கூடப் படித்தவர்களைத் தேடித்தான். இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

---

மழைநாள்:

கூடப் படித்தவர்கள் வைத்தது என்று எனக்குத் தெரியாது. அது வேறு விஷயம். சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

---

வயர்மேன்:

பனையோலை அக்கா, நீங்கள் பத்தாம் வட்டாரம் என்பதால் சொல்கிறேன். ஃபோபூர் சென் மார்த்தேன் தெருவில் 85ஆம் எண் கட்டடம் லெவித்தான் என்ற தளபாடக் கடையாக இருந்தது, யூதர் கடை. ஜெர்மானியர் அதைப் பறித்து 1943 ஜூலையிலிருந்து ஒரு முகாமாக வைத்திருந்தார்கள். யூதக் குடும்பங்களின் வீடுகளைக் காலிசெய்து கொண்டுவந்த சாமான்களை அங்கே கைதிகள் தரம் பிரித்து அடுக்கவேண்டும். தட்டு, கரண்டி, கடிகாரம், படுக்கை விரிப்பு, பொம்மை. கடையில் வைப்பது போல அடுக்கி, ஜெர்மன் அதிகாரிகள் வந்து பிடித்ததை எடுத்துப் போவார்கள். பாரிஸில் மட்டும் ஏறத்தாழ 38,000 வீடுகளை இப்படித் துடைத்தெடுத்தார்கள். சாமான் அடுக்கிய கைதிகளில் சிலர் தங்கள் வீட்டுச் சாமானையே பெட்டிக்குள் கண்டார்கள்.

தமிழ்க் கடைகள் இருக்கும் லாசப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் நம்மாட்கள் எத்தனை பேர் அந்தத் தெருவால் நடக்கிறோம்.

---

வைகைக்கரை:

அக்கா, மகளிடம் கடைசியில் என்ன சொன்னீர்கள்?

---

பனையோலை:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பள்ளிக்கூட வயதே ஆகாத பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுவரில் இடமில்லை அல்லவா, அவர்களுக்காகப் பூங்காக்களில் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பூங்காவிலும் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப் போனேன். அதில் பெயரும் வயதும் இருக்கிறது. சிலதுக்கு வயது மாதக் கணக்கில். மேலே எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால்: வழிப்போக்கரே, அவர்கள் பெயரை வாசியுங்கள், உங்கள் நினைவு ஒன்றே அவர்களின் கல்லறை.

நான் சொன்னது இவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒரு அரசாங்கம் ஒரு சனத்தை வேண்டாம் என்று முடிவெடுத்தது. பொலிஸ் சொன்னபடி செய்தது. சில பொலிஸ்காரர் செய்யவில்லை. பிள்ளைகள் ஒரு பிழையும் செய்யவில்லை. "அப்ப அந்தப் பொலிஸ்காரருக்குப் பிள்ளையள் இருந்ததோ?" என்று கேட்டாள். இருந்திருக்கும் என்றேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பெயர்களைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். போலந்துப் பெயர்கள், மெய்யெழுத்து நெருக்கமாக வரும், நாக்குத் தடுக்கியது. பக்கத்து வாங்கிலில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்து, அது அப்படி இல்லை கண்ணம்மா, இப்படி என்று சொல்லிக்கொடுத்தார். யார், எவர் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் அவர் முதலில் சொல்ல, இவள் திருப்பிச் சொன்னாள். வயதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

பாதிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தை வருகிற ஞாயிறு வாசிக்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.